வீட்டுல மிக் வெல்டிங்: கேஸ் எங்க போகுது, எப்படி மிச்சம் புடிக்கிறது

மொட்டை மாடியிலயோ கார் ஷெட்டுலயோ ஒரு சின்ன இன்வெர்ட்டர் மிக் மிஷின (ராடுக்கு பதிலா வயர் தானா ஓடி வந்து உருகுற வெல்டிங் மிஷின்) வாங்கி வச்சுக்கிட்டு, வீட்டு கேட்டு, ஜன்னல் கிரில், மோட்டார் ரூம் கதவு, ஆட்டுக் கொட்டகைக்கு ஃப்ரேம்னு தன் சோலிய தானே பாத்துக்கிற ஆளுங்க இப்ப மதுரைப் பக்கம் நெறைய. ராடு வச்சு ஆர்க் வெல்டிங் பண்ணிப் பழகுனவங்க மிக்குக்கு வந்தா மொத சந்தோஷம் பீடு, அதாவது வெல்டிங் போட்ட கோடு, அழகா வர்றது, மொத எரிச்சல் கேஸ் தீர்றது. "இப்பதான அண்ணே ரொப்பிட்டு வந்தேன், ரெண்டு கேட்டு கூட முடியல அதுக்குள்ள மீட்டர் முள்ளு இறங்கிருச்சே"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அதுக்கு பதில் என்னான்னா, வீட்டுல வெல்டிங் பண்றவங்களுக்கு கேஸ் பெரும்பாலும் வெல்டிங் பண்ணும்போது தீர்றதில்ல. மிஷின் சும்மா கிடக்கும்போதும், ட்ரிக்கர அமுக்குற அந்த மொத அரை செகண்டுலயும், சிலிண்டர் மேல மாட்டுற ரெகுலேட்டர்ல தேவையில்லாம கூட்டி வச்ச நாப்லயும்தான் போகுது. இந்த மூணையும் புரிஞ்சுக்கிட்டா போதும்.

மொதல்ல கேஸ் எதுக்குன்னு பாத்துரலாம். இரும்பு உருகி தண்ணியா நிக்கிற அந்தச் சின்ன குளத்த காத்து தொடக் கூடாது. காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ரெண்டுமே உருகுன இரும்புக்குள்ள கரைஞ்சு போய், அது ஆறும்போது வெளிய வரத் தெரியாம குமிழா உள்ளயே மாட்டிக்கும். வெளிய பாத்தா பீடு முழுக்க ஊசி குத்துன கணக்கா ஓட்டை, அதுக்குப் பேருதான் போரோசிட்டி. ராடுல மேல இருக்கிற பூச்சு எரிஞ்சு புகையும் கசடும் ஆகி இந்தக் காவல் வேலைய பாத்துக்குது, மிக் வயர்ல பூச்சு கிடையாது, அதனால டார்ச்சு (கையில புடிக்கிற வெல்டிங் துப்பாக்கி) முனையில இருக்கிற நாசில் வழியா வர்ற கேஸ்தான் அந்தக் குளத்துக்கு மேல குடை. 1948ல அமெரிக்காவுல இந்த முறைய உருவாக்குனப்போ ஆர்கான், ஹீலியம்னு விலை ஜாஸ்தி கேஸத்தான் விட்டாங்க, அதனால அலுமினியத்துக்கு கட்டுப்படியாச்சு, சாதா இரும்புக்கு கட்டுப்படியாகல. 1953 வாக்குல சோவியத் பக்கம் கார்பன் டை ஆக்சைடு விட்டுப் பண்ணலாம்னு காமிச்ச பிறகுதான் இரும்பு வேலைக்கு இது பரவுச்சு. நம்ம ஊர்ல இன்னைக்கும் பட்டறைக்காரங்க நெறைய பேரு மிக்குன்னு சொல்றதில்ல, சிஓடூ வெல்டிங்னுதான் சொல்றாங்க. ஆக கேஸ் செலவு பத்துன கவலை இந்த வேலை பொறந்ததுல இருந்தே இருக்கு, நமக்கு மட்டும் வந்ததில்ல.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சிஓடூ 1 கிலோ வாயுவா மாறுனா சுமாரா 540 லிட்டர் வரும். நிமிஷத்துக்கு 12 லிட்டர் வச்சு விட்டா 1 கிலோவுக்கு 45 நிமிஷம் ஆர்க் எரியும். 10 கிலோ சிலிண்டர்னா ஏழரை மணி நேரம். இந்த ஏழரை மணி நேரங்குறது ஆர்க் எரியுற நேரம் மட்டும், பைப்ப அளக்குறது, வெட்டுறது, மட்டம் பாக்குறது, கிரைண்டர் போடுறது, டீ குடிக்கிறது எதுவும் இதுல சேராது. வீட்டு வேலையில ஒரு நாள் பூரா நின்னாலும் ஆர்க் எரியுற நேரம் சேத்து வச்சா ரொம்பக் கொஞ்சம்தான் தேறும். அப்படிப் பாத்தா 10 கிலோ சிலிண்டர் ஒருத்தருக்கு மாசக்கணக்குல வரணும். வரலைன்னா அது நீங்க வெல்டிங் பண்ணி தீந்த கேஸ் இல்ல.

நாப்ல எம்புட்டு வைக்கணும்ங்கிறதுல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் மொதல்ல கை வைக்கிற இடம் அதுதான். பட்டறையில சொல்ற பழைய கணக்கு ஒன்னு இருக்கு, வயர் தடிமன மில்லிமீட்டர்ல எடுத்து 10ஆல பெருக்குனா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு வந்துரும். 0.8 வயருக்கு 8, 1.2 வயருக்கு 12. இது காத்து அசையாத இடத்துக்கு உள்ள கணக்கு, அதுக்கு மேல கொஞ்சம் சேத்து வீட்டுல 0.8 வயர் ஓட்டுறவங்க 10ல இருந்து 12க்குள்ள வச்சா போதுமானது. ஆனா நெறைய வீடுகள்ல மீட்டர் 20, 25ல நிக்கும். ஏன்னு கேட்டா வீடியோவுல 25 வைக்கச் சொன்னாங்கம்பாங்க. அந்த வீடியோ அமெரிக்காக்காரரோடது, அவரு சொல்ற 25 மணிக்கு இத்தனை கன அடிங்கிற கணக்கு, அத நம்ம லிட்டர் கணக்குக்கு மாத்துனா நிமிஷத்துக்கு 12 லிட்டர்கூட வராது. நம்ம மீட்டர்ல லிட்டர்ல எழுதியிருக்கும்போது 25னு வச்சா அவரு விடுறதுல ரெண்டு மடங்கு விடுறோம். மீட்டர் கண்ணாடியில என்ன அளவு எழுதியிருக்குன்னு ஒரு தடவ உத்துப் பாருங்க, இதுலயே பாதி கேஸ் மிச்சமானவங்க உண்டு.

"கூட வச்சா என்ன, பாதுகாப்பு ஜாஸ்திதான?"ன்னு தோணும். இல்ல, இந்த இடத்த நல்லா மனசுல வாங்கிக்கங்க. வீட்டுக் குழாய லேசா திறந்தா தண்ணி கண்ணாடிக் கம்பி கணக்கா நேரா இறங்கும், முழுசா திறந்து விட்டா வெள்ளையா நுரைச்சுக்கிட்டு வரும், அந்த வெள்ளை எல்லாம் தண்ணி இழுத்துக்கிட்டு வந்த காத்து. நாசில்லயும் அதேதான் நடக்குது. அளவோட விட்டா கேஸ் அமைதியா இறங்கி குளத்த மூடும், அளவுக்கு மேல விட்டா சுழண்டு அடிச்சு சுத்தி இருக்கிற காத்தையும் சேத்து உள்ள இழுத்துரும். அப்ப ஓட்டை விழும். ஓட்டை விழுதேன்னு இன்னும் கூட்டுனா இன்னும் விழும். காசும் போயி பீடும் போயிரும். மிக் கத்துக்கிறவங்க மாட்டிக்கிற பெரிய சுழல் இதுதான், அதனாலதான் கேஸ் மிச்சம் புடிக்கிறதும் நல்ல வெல்டிங் போடுறதும் ஒரே வேலைன்னு நான் நினைக்கிறேன்.

உங்க மிஷினுக்கு சரியான அளவ நீங்களே கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. ஒரு வேஸ்ட் பட்டைய கிரைண்டர் வச்சு பளபளன்னு தேச்சுக்கங்க, ஃபேன ஆஃப் பண்ணிருங்க, 12ல வச்சு ஒரு பீடு ஓட்டுங்க, அப்பறம் ஒவ்வொரு லிட்டரா கொறைச்சுக்கிட்டே பக்கத்துலயே ஒவ்வொரு பீடு. ஒரு இடத்துல சத்தம் மாறும், சீரா சடசடன்னு வந்தது டப்பு டப்புன்னு வெடிக்கும், பீடு கருத்துப் போயி பழுப்பு கலர்ல படியும், ஓட்டை தெரியும். அந்த எண்ணுக்கு மேல 2 லிட்டர் சேத்து வச்சீங்கன்னா அதுதான் உங்க ஷெட்டுக்கு உங்க டார்ச்சுக்கு உள்ள அளவு, சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சுக்கங்க.

மீட்டர் காட்டுற எண்ணும் நாசில் வாயில வர்ற கேஸும் ஒன்னுன்னு நினைச்சுரக் கூடாது, இது இன்னொரு விஷயம். ரெகுலேட்டர்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒன்னுல ரெண்டு வட்ட மீட்டர் இருக்கும், ரெண்டாவது வட்டத்துல லிட்டர்னு போட்டிருக்கும், ஆனா அது நெசத்துல அழுத்தத்தத்தான் அளக்குது, வெளிய போற வழியில ஒரு சின்ன ஓட்டை வச்சு இந்த அழுத்தத்துக்கு இத்தனை லிட்டர் போகும்னு அச்சடிச்சு வச்சிருக்காங்க. டார்ச்சுல வழி அடைச்சுக்கிட்டா கூட அது பாட்டுக்கு 12னு காட்டிக்கிட்டு நிக்கும். இன்னொன்னு கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு குண்டு மிதக்குற ரோட்டா மீட்டர், இதுல போற கேஸ் கொறைஞ்சா குண்டு இறங்கிரும், அதனால இது நம்பிக்கையானது, என்ன ஒன்னு நேரா செங்குத்தா நிக்கணும், சாஞ்சு இருந்தா பொய் சொல்லும். ஆர்கானுக்கு அளவு போட்ட ரோட்டா மீட்டர சிஓடூக்கு போட்டா 5 சதவீதம்தான் வித்தியாசம் வரும், அதப் பத்தி கவலப்பட வேணாம். ரெண்டு ஜாதியிலயும் மீட்டருக்கு அங்கிட்டு ஹோஸ்ல லீக் இருந்தா மீட்டருக்கு அது தெரியாது, லீக்ல போறதையும் சேத்துத்தான் காட்டும். அதனால நாசில் வாயிலயே வச்சு அளக்குற சின்ன பிளாஸ்டிக் டெஸ்டர் ஒன்னு வாங்கி வச்சுக்கிறது நல்லது, வெல உள்ள பொருள் இல்ல. வயர் அழுத்துற ரோலர தூக்கி விட்டுட்டு, இல்ல மிஷின்ல கேஸ் டெஸ்ட் பட்டன் இருந்தா அத அமுக்கி, டெஸ்டர வாயில வச்சுப் பாருங்க. மீட்டர் 12னு சொல்லி வாயில 7தான் வருதுன்னா மிச்சம் எங்கயோ போகுது.

அடுத்து அந்த மொத அரை செகண்ட். ட்ரிக்கர அமுக்குனதும் "புஸ்"ஸுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, நெறைய பேரு அது நல்ல சகுனம்னு நினைக்கிறாங்க. நடக்குறது என்னான்னா, வெல்டிங் பண்ணும்போது ஹோஸுக்குள்ள அழுத்தம் கம்மிதான், ட்ரிக்கர விட்டதும் மிஷின் உள்ள இருக்கிற சோலினாய்டு வால்வு (கரன்ட்ல திறந்து மூடுற கேஸ் வால்வு) மூடிக்கும், ஆனா ரெகுலேட்டர் தன் அழுத்தம் வர்ற வரைக்கும் ஹோஸுக்குள்ள கேஸ தள்ளிக்கிட்டே இருக்கும். 8 மிமீ உள்வட்டம் உள்ள ஹோஸ் 3 மீட்டர் இருந்தா அதுக்குள்ள இடம் 150 மில்லிக்கு கொஞ்சம் மேல. ரெகுலேட்டர் அழுத்தம் 3.5 பார்ல நிக்குதுன்னா அந்த இடத்துக்குள்ள கூடுதலா அரை லிட்டர் கேஸ் அடைஞ்சு உக்காந்திருக்கும். அடுத்த தடவ ட்ரிக்கர அமுக்குனதும் அந்த அரை லிட்டரும் ஒரே மூச்சுல வெளிய அடிக்கும். ஒரு டேக், அதாவது துண்டு நகராம புடிச்சு வைக்கிற சின்ன புள்ளி வெல்டிங், போட ஒரு செகண்டு, அதுக்கு தேவை நிமிஷத்துக்கு 10 லிட்டர் கணக்குல பாத்தா 170 மில்லி. ஒரு டேக்குக்கு தேவையானத விட மூணு மடங்கு வீணா போகுது. ஒரு கிரில் கேட்டுக்கு 100 டேக்னு வைங்க, வேலைக்கு 17 லிட்டர், வீணுக்கு 50 லிட்டர்.

சிஓடூல இந்த 50 லிட்டர் எடையில 100 கிராம் கூட வராது, காசா பாத்தா சின்னதுதான். ஆர்கானும் சிஓடூவும் கலந்த மிக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு கொஞ்சம் உறைக்கும். ஆனா காசவிட முக்கியம், அந்த வேகத்துல அடிக்கும்போது மேல சொன்ன மாதிரி காத்தையும் இழுத்துக்கிட்டு வருது, அதனாலதான் பல பேருக்கு பீடு நடுவுல நல்லா இருந்து ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் ஓட்டை விழுது. இதுக்கு வழி, சிலிண்டர மிஷினுக்கு ஒட்டி வச்சு ஹோஸ எம்புட்டு கட்டையா வெட்ட முடியுமோ வெட்டுறது. அப்பறம் உள்வட்டம் சின்னதா சுவர் தடிமனா இருக்கிற ஹோஸுக்கு மாத்துறது, 3 மிமீ உள்வட்டம்னா அதே 3 மீட்டருக்கு 20 மில்லிதான் இடம், அடைஞ்சு நிக்கிற கேஸ் ஏழுல ஒரு பங்கா கொறைஞ்சுரும், 10, 12 லிட்டர் போறதுக்கு அந்தச் சின்ன வழி தாராளம். அழுத்தம் தாங்குற கேஸ் ஹோஸா பாத்து வாங்குங்க, மீன் தொட்டிக்கு போடுற டியூப எல்லாம் மாட்டிரக் கூடாது. அந்த "புஸ்" மொத்தமா இல்லாம போனாலும் சரி வராது, டார்ச்சுக்குள்ள இருக்கிற காத்த தள்ளி விட கொஞ்சம் வேணும், மிஷின்ல ப்ரீ ஃப்ளோ (ஆர்க் எரியுறதுக்கு முன்னாடி வர்ற கேஸ்) இருந்தா 0.2 செகண்ட் வச்சுக்கங்க. போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் நின்ன பிறகு வர்ற கேஸ்) அரை செகண்டுல இருந்து ஒரு செகண்ட், அத 3, 4 செகண்டுன்னு வச்சுட்டு டேக் டேக்கா போட்டீங்கன்னா கேஸ் எல்லாம் டேக் முடிஞ்ச பிறகுதான் போகும். பீடு முடிஞ்சதும் டார்ச்ச டக்குன்னு தூக்கிராதீங்க, போஸ்ட் ஃப்ளோ நிக்கிற வரைக்கும் அங்கயே காட்டுங்க, அதுக்குத்தான அந்த கேஸ் வருது.

இனி பெரிய விஷயம், லீக்கு. கப்பலூர் சிட்கோவுலயோ கே.புதூர் சிட்கோவுலயோ இருக்கிற பட்டறையில தெனமும் சிலிண்டர் ஓடுது, அவங்களுக்கு சின்ன லீக் பெருசா தெரியாது, கேஸ் எப்படியும் வேலைக்குப் போயிருது. வீட்டுல அப்படி இல்ல, ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் வேலை, அப்பறம் ரெண்டு வாரம் மிஷின் மூடிக் கிடக்கும். நிமிஷத்துக்கு 100 மில்லி லீக்குன்னு வைங்க, காதுக்கு கேக்காது, மூக்குக்கு வாசம் கிடையாது. ஆனா ஒரு நாளைக்கு 144 லிட்டர். 10 லிட்டர் கொள்ளளவு உள்ள சின்ன ஆர்கான் மிக்ஸ் சிலிண்டர் 150 பார்ல ரொப்புனா உள்ள இருக்கிறதே 1500 லிட்டர்தான், பத்து நாள்ல ஒரு பீடு கூட போடாம காலி. "ரெண்டு கேட்டு கூட முடியல"ன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேரு இந்த வழியிலதான் இழக்குறாங்க.

கண்டுபுடிக்கிறது ரொம்ப சுலபம். சிலிண்டர் வால்வ பைய திறங்க, ரெகுலேட்டர் நாப வழக்கமான அளவுல வைங்க, மிஷின்ல ட்ரிக்கர தொடாதீங்க, இப்ப சிலிண்டர் வால்வ இறுக்கமா மூடிருங்க. சிலிண்டர் பக்கத்து மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னு செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க. வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிற கேஸ் கொஞ்சூண்டுதான், அதனால பொடி லீக் இருந்தாலும் முள்ளு படபடன்னு இறங்கிரும். இத நிழல்ல வச்சு செய்யணும், வெயில் ஏறுற நேரம் இறங்குற நேரத்துல முள்ளு சும்மாவே ஆடும். முள்ளு இறங்குச்சுன்னா பாத்திரம் கழுவுற சோப்ப தண்ணியில கரைச்சு பிரஷ்ல ஒவ்வொரு ஜாயின்டா தடவுங்க, வால்வ திறந்து வச்சுட்டுத்தான். மொத சந்தேகம் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேர்ற நட்டு. சிஓடூ ரெகுலேட்டர்னா அந்த நட்டுக்குள்ள ஒரு வாஷர் இருக்கும், அது நசுங்கி வெடிச்சுப் போயிருக்கும், ஒவ்வொரு தடவ சிலிண்டர் மாத்தும்போதும் அத தொட்டுப் பாருங்க, கையில எப்பவும் ரெண்டு வாஷர் இருக்கட்டும். அங்க டெஃப்லான் டேப் சுத்துறவங்க இருக்காங்க, அந்த ஜாயின்ட் மரையில அடைக்கிறதில்ல, வாஷர் அழுந்துற முகத்துல அடைக்கிறது, டேப் சுத்தி புண்ணியம் இல்ல, துண்டு பிஞ்சு உள்ள போயி ரெகுலேட்டர கெடுக்கும். அடுத்து ஹோஸ் கிளிப்பு ரெண்டு முனையிலயும், அப்பறம் சிலிண்டர் வால்வு தண்டு பக்கம், மிஷின் பின்னாடி கேஸ் ஏறுற இடம். எதுலயும் குமிழ் வரலைன்னா சோலினாய்டு வால்வு, தூசி மாட்டி அரைகுறையா திறந்தே நிக்கும். நாசில் வாயில ஒரு பலூன மாட்டி வைங்க, ட்ரிக்கர அமுக்காமயே பலூன் ஊதுனா கள்ளன் அங்கதான் இருக்கான். டார்ச் மிஷினோட சேர்ற இடத்துல ஒரு ஓ ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும், அது போயிருந்தா வெல்டிங் பண்ணும்போது மட்டும் லீக் ஆகும், மூடி வச்சு பண்ற டெஸ்டுல அது சிக்காது, ட்ரிக்கர அமுக்கி சோப்புத் தண்ணி தடவுனாத்தான் தெரியும்.

லீக் எல்லாம் அடைச்சாலும் வேலை முடிஞ்சதும் சிலிண்டர் வால்வ மூடுறத விடக் கூடாது. சாப்பிடப் போனாலும் மூடிட்டுப் போங்க. மூடிட்டு வயர் ரோலர தூக்கி விட்டு ட்ரிக்கர அமுக்கி ஹோஸ்ல இருக்கிறத வெளிய விட்டு, ரெகுலேட்டர் நாப தளத்தி வச்சா ரெகுலேட்டர் ரொம்ப நாளைக்கு உழைக்கும்.

சிலிண்டர்ல எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாக்குறதுலயும் ஒரு குழப்பம். ஆர்கானும் மிக்ஸும் வெறும் அழுத்துன வாயு, 150 பார்ல இருந்தது 75க்கு வந்தா பாதி தீந்துருச்சு, நேர் கணக்கு. சிஓடூ அப்படி இல்ல, அது உள்ள தண்ணி கணக்கா திரவமாத்தான் கிடக்கு, மேல கொஞ்சம் ஆவி. 20 டிகிரியில 57 பார், 30 டிகிரியில 72 பார்னு சூட்டுக்கு தக்கனதான் முள்ளு நிக்கும், முழு சிலிண்டரும் அதேதான், கால் சிலிண்டரும் அதேதான். உள்ள தண்ணி தீந்த பிறகுதான் முள்ளு இறங்க ஆரம்பிக்கும், இறங்க ஆரம்பிச்சா சீக்கிரம் முடிஞ்சுரும். அதனால "நேத்து வரைக்கும் ஃபுல்லா இருந்துச்சு இன்னைக்கு திடீர்னு காலி"ன்னா அது லீக்காத்தான் இருக்கணும்னு இல்ல. போதாக்குறைக்கு 31 டிகிரிக்கு மேல போனா சிஓடூ தண்ணியாவே நிக்காது, நம்ம ஊர்ல சித்திர வைகாசியில நிழல்லயே 38, 39 போகுது, அப்ப மீட்டர் காட்டுறத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. தராசுதான் ஒரே வழி. சிலிண்டர் தோள்ல காலி எடைய குத்தியிருப்பாங்க, எடை போட்டு அதக் கழிச்சா மிச்சம். ரொப்பிட்டு வரும்போதும் எடை போட்டு வாங்குங்க. சிலிண்டர மொட்ட வெயில்ல நிறுத்தாதீங்க, படுக்கப் போட்டு வெல்டிங் பண்ணாதீங்க, தண்ணி நேரா ரெகுலேட்டருக்குள்ள வந்து உறைஞ்சுரும். நிமித்தி வச்சாலும் ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டுனா ரெகுலேட்டர்ல பனி புடிக்கும், அதுக்குத்தான் சிஓடூ ஹீட்டர். பனி புடிச்சா கொஞ்சம் நிறுத்தி வைங்க, நெருப்பு காட்டக் கூடாது. தீயணைப்பு சிலிண்டர் சல்லிசா கிடைக்குதுன்னு அத மாட்டுறவங்களும் உண்டு, அதுக்குள்ள அடி வரைக்கும் குழாய் இறங்கியிருக்கும், தண்ணியாத்தான் வெளிய தள்ளும், வேணவே வேணாம்.

ஓட்டை விழும்போது கேஸ கூட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது சில இருக்கு. நாசில கழட்டிப் பாருங்க, உள்ள பொறி தெறிச்சு ஒட்டிப் பாதி வாய் அடைச்சிருக்கும், வயர் வெளிய வர்ற டிப்புக்குப் பின்னாடி கேஸ் பிரியுற சின்ன ஓட்டைகளும் அடைச்சிருக்கும், குறடு வச்சு சுரண்டி எடுங்க. டார்ச்ச தூரமா புடிக்கிறது ரொம்ப பேருக்கு பழக்கம், ராடு புடிச்ச கை அப்படித்தான் இருக்கும், நாசில் வாய் வேலையில இருந்து 10ல இருந்து 15 மிமீக்குள்ள இருக்கணும், தூரம் போகப் போக எம்புட்டு கேஸ் விட்டாலும் பத்தாது. ரொம்ப சாய்ச்சு புடிச்சாலும் ஒரு பக்கம் காத்து புகுந்துரும், 10, 15 டிகிரி சாய்வு போதும். பெயின்ட், எண்ணெய், துரு இருந்தா அது எரிஞ்சு வர்ற புகைதான் ஓட்டை போடும், கேஸுக்கு அதுல சம்பந்தமே இல்ல. ஜிஐ பைப்பும் அப்படித்தான், மேல இருக்கிற துத்தநாகம் கொதிச்சு ஆவியாகி பீடுக்குள்ள குமிழா மாட்டும், அந்த வெள்ளைப் புகைய சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும், வெல்டிங் வைக்கிற இடத்துல மட்டுமாவது கிரைண்டர்ல எடுத்துட்டு, மூஞ்சிக்கு புகை வராம நின்னு பண்ணுங்க.

அப்பறம் காத்து. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம், அதாவது மர இலை லேசா அசையுற காத்து, அதுவே கேஸ தள்ளிட்டுப் போயிரும். அம்மியே பறக்கிற ஆடி மாசத்துல உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் திறந்த வெளியில நின்னு 12 லிட்டர் என்ன, 25 லிட்டர் விட்டாலும் வேலைக்கு ஆகாது. காத்து வர்ற திசைக்கு முதுக காட்டி உக்காருங்க, ஒரு தகர ஷீட்ட நட்டு மறைப்பு கட்டுங்க, தார்ப்பாய் வேணாம், பொறி பட்டா புடிச்சுக்கும். ஷெட்டுக்குள்ளன்னா டேபிள் ஃபேன் நேரா வேலை மேல அடிக்காம பாத்துக்கங்க.

ஆனா காத்து வேணாம்னு கதவ சாத்திக்கிட்டு பண்ணாதீங்க, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். பத்துக்கு பத்து ரூம், பத்தடி உசரம், உள்ள இருக்கிற மொத்தக் காத்து 28,300 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் சிஓடூ ஒரு மணி நேரம் விட்டா 600 லிட்டர், அந்த ரூம்ல 2 சதவீதத்துக்கு மேல. வேலை செய்யுற இடத்துல நாள் பூரா இருக்கிறதுக்கு வச்சிருக்கிற எல்லையே அரை சதவீதம்தான். அதுபோக ஆர்க் சூட்டுல சிஓடூ கொஞ்சம் உடைஞ்சு கார்பன் மோனாக்சைடும் வரும். தலைவலி, படபடப்பு வந்தா டார்ச்ச போட்டுட்டு வெளிய வந்துருங்க. லீக்க அடைக்கச் சொல்றதுக்கும் காசு மட்டும் காரணமில்ல. 10 கிலோ சிஓடூ சிலிண்டர் ஒன்னு மூடுன ரூம்ல ராவோட ராவா காலியானா 5400 லிட்டர், அந்த ரூம் காத்துல ஆறுல ஒரு பங்கு அதுவே ஆயிரும், காத்த விட கனமானதால தரை மட்டத்துல இன்னும் அடர்த்தியா நிக்கும், உயிர் போற அளவு அது. ஆர்கானும் கனம்தான், வாசமும் கிடையாது. அதனால சிலிண்டர படுக்கை ரூம், மாடிப்படிக்கு அடியில இருக்கிற அலமாரி, கண்ணாடி ஏத்துன கார்னு எங்கயும் வைக்காதீங்க. காத்தோட்டமான நிழல்ல, நிமித்தி, சங்கிலி போட்டு கட்டி வைங்க.

வெளிய நின்னே பண்ண வேண்டிய வேலை நெறைய இருக்குன்னா, தோட்டத்துல கம்பி வேலி, மாடியில தகரக் கூரை இந்த மாதிரி, கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் வயர் ஒரு ரோல் வாங்கிக்கங்க. வயருக்குள்ளயே மருந்து இருக்கு, ராடு மாதிரி தானே புகை போட்டுக் காத்துக்கும். கேஸ் வயருக்கு டார்ச்சு பாசிட்டிவ்ல இருக்கும், இதுக்கு நெகட்டிவ்ல மாத்தணும், மாத்தாம போட்டா பீடு சொதசொதன்னு நிக்கும். கசடு தட்டணும், புகை ஜாஸ்தி, வயர் வெலையும் கூட, ஆனா ஆடிக் காத்துல மணிக்கணக்கா சிலிண்டர கொட்டுறதோட கணக்கு போட்டா இதுதான் மலிவு. சாந்தமான நாள்ல, ஷெட்டுக்குள்ள, ஒன்றரை மிமீ தடிமன் ஸ்கொயர் பைப்புல வேலைன்னா திரும்ப 0.8 வயரும் கேஸும் மாட்டி, சுவத்துல எழுதி வச்ச அந்த எண்ணுல வச்சுக்கங்க.